குதிரையும் கொண்டை ஊசியும்

ஜூன் 7, 2025, சனி

மழை விட்டபாடில்லை. பக்ரீத் என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து மதியமே பிரியாணி வந்துவிட்டது. ராத்திரிக்கும் அதையே சுடவைத்துத் தின்றோம். பத்து மணிக்கு மேல் அமெரிக்காவில் கனெக்டிகட்டிலிருந்து மார்த்தாண்டம்காரர் தன் ரிவால்வரோடு வீடியோவில் வந்தார். "அண்ணாச்சி, சிலிண்டர் சுத்த மாட்டேங்கு" என்பதுதான் முதல் பேச்சு. சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் பழங்கதை. இருபத்தாறு வருஷம் எனக்கும் கனெக்டிகட்டில்தான் டூல் அண்ட் டை வேலை, தொழிற்சாலைக்கு வேண்டிய கருவியும் அச்சும் செய்வது. ஹார்ட்ஃபோர்டு பக்கம் காரில் போனால் நீல வெங்காயம் போல ஒரு கூண்டு தெரியும், மேலே பொன் நட்சத்திரங்கள். அதுதான் ரிவால்வர் செய்த சாமுவேல் கோல்ட்டின் பழைய தொழிற்சாலை. அதைப் பார்த்துப் பார்த்தே பழைய ரிவால்வர் கிறுக்கு பிடித்தது. தோட்டா வருவதற்கு முந்தைய ரிவால்வர்கள் இவை. சிலிண்டர் என்ற சுழலும் உருளையின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கரிமருந்தும் ஈயக்குண்டும் இறக்கவேண்டும். அறையின் பின்னால் நிப்பிள் என்று துளையுள்ள ஒரு சின்ன முனை, அதன்மேல் செம்பில் செய்த கேப்பு. தீபாவளிக் கேப்பு நினைவிருக்கிறதல்லவா, குடும்பத்தில் அதற்கு இது பெரியப்பா. குதிரை என்கிற சுத்தி கேப்பில் அடிக்கும், பொறி உள்ளே பாயும்.

கோல்ட் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1836-ல். இப்போது அதே மாதிரிகளை இத்தாலியில் பிரெஷா பக்கத்தில் நகலெடுத்துச் செய்கிறார்கள். 1898-ம் ஆண்டும் அதற்கு முன்பும் செய்தவற்றையும், இந்தக் கேப்பு நகல்களையும் அமெரிக்க மத்தியச் சட்டம் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆகவே அங்கே தபால்தலை மாற்றுவதுபோல இதை மாற்றிக்கொள்கிற கூட்டம் உண்டு. இங்கே இந்தியாவில் கதை வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வைத்துக்கொள்ள மட்டுமல்ல, ரிப்பேர் பார்க்கவே லைசென்ஸ் வேண்டும். தக்கலைக்குத் திரும்பும்முன் எல்லாவற்றையும் அங்கேயே விற்றுவிட்டேன். கொண்டுவந்தது ஒரு லென்சும் என் ஸ்குரூடிரைவர் கட்டும்தான். இப்போது எனக்கு வாய்வேலை மட்டும்.

மார்த்தாண்டம்காரருடையது 1851 நேவி என்ற கோல்ட் மாடலுக்கு உபெர்ட்டி என்ற இத்தாலியக் கம்பெனி செய்த நகல். "வானத்தைப் பாக்கப் பிடிச்சுக் குதிரையை இழும்" என்றேன். சுற்றவில்லை. "இப்போ தரையைப் பாக்க." ஆறு அறையும் கடகடவென்று சுற்றியது. மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம், கையின் ஸ்பிரிங் போயிருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

'கை' என்று நாங்கள் சொல்வது குதிரையின் காலில் கோத்த ஒரு சுண்டுவிரல் நக அகலத் துண்டு. குதிரையை இழுத்தால் கை மேலேறி, சிலிண்டரின் முதுகிலுள்ள பல்லைத் தள்ளும். அது பல்லோடு ஒட்டி நிற்கப் பின்னால் ஒரு மெல்லிய தகட்டு ஸ்பிரிங். அது ஒடிந்தால் கை தன் எடைக்குச் சாயும். துப்பாக்கியின் வாய் மேலே பார்த்தால் பின்னால் விழுந்துவிடும், கீழே பார்த்தால் முன்னால் வந்து பல்லைப் பிடிக்கும். நூற்றெழுபது வருஷமாக இந்த மாடலுக்கு இதே வியாதிதான்.

புது ஸ்பிரிங் வரவழைக்கப் பத்து நாளாகும். கொண்டை ஊசி இருந்தால் பத்து நிமிஷம். இது நான் கண்டுபிடித்ததல்ல, அங்கே எல்லாப் பட்டறையிலும் தெரிந்த வித்தை. அவர் நம்பவில்லை. வீட்டுக்காரியின் மேசையிலிருந்து ஒன்றை எடுத்துவந்து கேமரா முன்னால் வைத்துக் காட்டினேன். நெளிவு உள்ள காலை விட்டுவிடவேண்டும், நேரான கால்தான் நமக்கு. முனையிலுள்ள பிளாஸ்டிக் பொட்டை நகத்தால் உரித்து, வேண்டிய நீளத்துக்கு வெட்டி, விரலாலேயே லேசாக ஒரு வளைவு கொடுத்தால் போதும். சூடுகாட்டக் கூடாது, காட்டினால் டெம்பர், அதாவது விறைப்பு, போய் வெறும் கம்பியாகிவிடும். கையின் பின்னாலுள்ள பிளவில் அதன் அடியைச் சொருகி, பஞ்ச் வைத்து இரண்டு தட்டு.

"எனக்க ஊசிய ஒடிச்சா நாளைக்கு நீங்கதான் வேண்டித் தரணும்" என்று பின்னாலிருந்து சத்தம். ஒடித்தாயிற்று.

ஜூன் 12, வியாழன்

ஸ்பிரிங் ஏறிவிட்டது. ஆனால் அவர் மனசு அதற்குள் வேறெங்கோ போய்விட்டது. அசல் கோல்ட் நேவி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறதாம், அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்தது என்கிறார்களாம். பதினான்கு படங்கள் அனுப்பினார்.

முதல் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. பேரல், அதாவது குழலின் மேல் நியூயார்க் முகவரி. சிலிண்டரைச் சுற்றிக் கப்பல் சண்டை, டெக்சாஸ் கப்பற்படை மெக்சிகோவோடு மோதியது, 1843 மே 16 என்று தேதியும் போட்டிருக்கும். ஆர்ம்ஸ்பி என்ற செதுக்காளர் வரைந்தது. என் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சண்டைதான். துரு எல்லா இடத்திலும் அம்மைத்தழும்பு போலக் குழி போட்டிருக்கிறது, கப்பலின் பாய்க்கயிறு மட்டும் நேற்று வரைந்த மாதிரி நிற்கிறது. உண்மையான நேவியில் முதலில் அழிவது அந்தக் கயிறுகள்தான், உறையில் உரசி உரசி. ஆசிட் ஊற்றிக் கிழடாக்கியிருக்கிறார்கள்.

அடுத்து பேரலின் பக்கவாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தாலிய நகலில் பரிசோதனை முத்திரை இருக்கும், நட்சத்திரமும் கீழே பிஎன் என்ற எழுத்தும். கரிமருந்துக்கு இத்தாலிய மொழியில் உள்ள பெயரின் முதலெழுத்துகள். இங்கே அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆனால் வெளிச்சம் சாய்ந்து விழுந்த ஒன்பதாவது படத்தில், சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்த பாயின் பள்ளம் போல லேசாக ஒரு குழிவு. அரம் போய்வந்த இடம்.

முத்திரையை அழிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, போர் நாடகம் போடுகிறவர்கள் அசல்போலத் தோன்ற அழிப்பார்கள், அதைச் சொல்லியே விற்பார்கள். அழித்துவிட்டு 1861 என்று விலை போடுவதுதான் களவாணித்தனம். மார்த்தாண்டம்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

தலக்குளத்திலிருந்து வீட்டுக்காரியின் அண்ணன் முறைக்காரர் மகன் வந்தான். வருஷா வருஷம் இந்த மாசத்தில் அவன் அம்மா கொடுத்துவிடும் வருக்கைச் சக்கை, கெட்டிச் சுளைப் பலா, வரும். இந்தமுறை வெறுங்கை. "மாமா, ஒரு சாதனம் காட்டணும், இங்க கொண்டுவர ஒக்காது" என்றான்.

போனேன். பழைய வீட்டைப் பொளிக்கிறார்கள். மச்சிலிருந்து இறங்கிய தேக்குப் பெட்டிக்குள், எண்ணெய்ச் சீலையில் சுற்றி, ஒரு ரிவால்வர். சொந்தக்காரர்கள் பத்துப்பேர் சுற்றி நிற்கிறார்கள். அது திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாயின் கைத்துப்பாக்கி என்று அதற்குள் முடிவாகிவிட்டது. தளவாய் பிறந்த ஊர் அது, ஆசைப்படுவதில் தப்பில்லை.

ஒரு சிறுவன் அதைத் தூக்கி என்னைப் பார்த்துக் குறிவைத்தான். அவன் கையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பி, மெதுவாகக் கீழே வைக்கச் செய்தேன். பிறகு தொடாமல், குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்து அறை. குதிரையில் விரல் வைக்கும் கொண்டையே இல்லை. பேரலும் சட்டமும் ஒரே துண்டு இரும்பில் அடித்தது. ஆடம்ஸ் மாதிரி. லண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் 1851-ல் காப்புரிமை வாங்கியது, விசையை இழுத்தாலே குதிரை தானே எழுந்து அடிக்கும். லென்சை வைத்துப் பார்த்தபோது சிலிண்டரில் ஒரு முட்டை வட்டம், அதற்குள் இஎல்ஜி என்று மூன்றெழுத்து. பெல்ஜியத்தின் லியேஜ் முத்திரை. அப்படியானால் லண்டன்கூட இல்லை.

இரண்டு நிப்பிளின்மேல் பச்சையாக ஏதோ பூத்திருந்தது. களிம்பு ஏறிய செம்பு. கேப்பு இன்னும் மேலே இருக்கிறது. அப்போது அறைக்குள் மருந்தும் இருக்கலாம். கரிமருந்து காய்ந்து கிடந்தால் எத்தனை வருஷமானாலும் கெடாது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

"தளவாய் உயிர்விட்டது 1809-ல்" என்று ஆரம்பித்தேன். "கேப்பே அதுக்கப்புறம்தான் வந்தது. இது இன்னும் நாப்பது வருஷம் பிந்தினது. அசம்பு மலைக் காப்பித் தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரன் யாராவது விட்டிட்டுப் போனதா இருக்கும்." யாரும் கேட்கிற முகமாக இல்லை. ஒரு பாட்டி மட்டும் "அப்போ தளவாய் இல்லியா?" என்று இரண்டுதரம் கேட்டார்.

அறையைப் பூட்டச் சொன்னேன். நாளை ஸ்டேஷனுக்கு.

ஜூன் 16, திங்கள்

ஸ்டேஷனில் சாயா வாங்கித் தந்தார்கள். கைப்பற்றியதற்கு ரசீதும் தந்தார்கள். மணல் வாளிக்குள் துப்பாக்கியின் வாயை வைத்துத்தான் ஜீப்பில் ஏற்றினார்கள், அது நான் சொன்னது.

ஜூன் 24, செவ்வாய்

நாகர்கோவிலில் ஆயுதப்படையின் ஆர்மரர், துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பவர், என்னைப் பார்க்கவேண்டும் என்றாராம். தலக்குளத்து மருமகன் பைக்கில் கூட்டிப்போனான். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை மதிலைக் கடக்கும்போது, டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர் டிலனாய் இங்கே பீரங்கி வார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே போனேன். 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்று, பிறகு அவருக்கே படை பழக்கி, கடைசியில் இந்த மதிலுக்குள்ளேயே அடங்கின மனிதர். மருமகன் காது கொடுக்கவில்லை. அவன் கவலை வேறு: "மாமா, ஆயுதச் சட்டம் 45-ம் பிரிவுல ஒரு விலக்கு உண்டுல்லா. வக்கீல் சொன்னாரு. சும்மா ஷோகேசுல வைக்கலாமாம்."

உண்டு. பழம்பொருள் மதிப்புள்ளதாகவோ வழக்கொழிந்த மாதிரியாகவோ பழுதானதாகவோ இருந்து, சரிசெய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படாத ஆயுதத்துக்கு விலக்கு. அந்த 'சரிசெய்தாலும்' என்ற வார்த்தையில்தான் எல்லாமே தொங்குகிறது.

ஆர்மரர் ஐம்பது வயது, கையெல்லாம் கிரீஸ். இன்சாஸ் ரைஃபிளும் பழைய த்ரீநாட்த்ரீ ரைஃபிளும் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றுவார். இதை வாழ்க்கையில் முதல்முறை பார்க்கிறார். ஒரு வாரம் எண்ணெயில் ஊறப்போட்டு, கேப்புகளை எடுத்து, அறைகளைக் காலி செய்திருந்தார். மூன்றில் ஒன்றுமில்லை. இரண்டில் குண்டுக்குப் பின்னால் கறுப்பாகக் களி. ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார், எள்ளுப் பிண்ணாக்கு மாதிரி. அந்தச் சிறுவனின் விரல் விசையில் இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

"சார், இப்போ தொட்டுப் பாருங்க" என்றார்.

நாலு வருஷத்துக்குப் பிறகு. கனம் உள்ளங்கையில் உட்கார்ந்த விதமே போதும், எது எங்கே சிக்கியிருக்கிறது என்று கை சொல்லிவிட்டது. சிலிண்டர் அதன் நடுத்தண்டில் துருவால் ஒட்டியிருக்கிறது. பெரிய ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது, குதிரை ஒரு நூல் அளவு அசைகிறது. ஒரு நிப்பிள் பிய்ந்திருக்கிறது. பேரலுக்குள் குழி இருந்தாலும் சுவர் நல்ல தடிமன். என் பட்டறையாக இருந்தால் மூன்று வாரம்.

"இதைச் சரிசெய்ய முடியுமா? ஒரு தாளில எழுதித் தாங்க. நானும் என் அறிக்கையை வைப்பேன். முடிவு மேலிடத்துல."

மருமகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நாளை மறுநாள் தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

மூன்று தாள் கிழித்தேன். முதலில் 'இந்தியாவில் இதற்கு உதிரிபாகம் கிடையாது' என்று எழுதினேன். உண்மைதான், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் அதுவல்ல. அடுத்தது, 'மிகக் கடினம்'. கொண்டை ஊசியால் ஸ்பிரிங் செய்கிறவன் எழுதுகிற வார்த்தையா அது? ஒன்பதாவது படத்துப் பள்ளம் நினைவுக்கு வந்தது.

கடைசியில் நான்கு வரி. ஐந்து அறை, லியேஜ் முத்திரை, நூறு வருஷத்துக்கு மிகவும் மேல். துருவை எடுத்து ஒரு நிப்பிள் செய்து போட்டால் சுடும். பேரலில் ஒரு ஊசியை ஆணியாக அறைந்து அடைத்து, சட்டத்தை வெட்டினால் சுடாது, ஆனால் பழம்பொருளைக் கெடுத்ததாகும். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மருமகனிடம் வாசித்துக் காட்டினேன். "நீங்க முடியாதுன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா போதும் மாமா" என்றான். சாயா குடிக்காமல் போனான்.

ஜூலை 5, சனி

மார்த்தாண்டம்காரர் ஒலிப்பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். வேறொன்றுமில்லை, குதிரையை ஆறுதரம் இழுக்கிற சத்தம், வாய் வானத்தைப் பார்க்க வைத்து. நாலாவதில் சொட்டு மட்டும் சத்தம் முந்துகிறது, சிலிண்டரை நிறுத்தும் பூட்டு சீக்கிரம் எழுகிறது. சொன்னேன்.

தலக்குளத்திலிருந்து சக்கை வரவில்லை. வீட்டுக்காரி சந்தையில் ஒன்று வாங்கிவந்தாள். கொண்டை ஊசியும் ஒரு அட்டை. அறுத்துப் பார்த்தால் சக்கை கூழன், ஒரே நார்.