மூன்றாவது முறை நெட்: ஒரு வில்லுப்பாட்டு கேசட்டோடு படித்த கதை

முந்தாநாள் நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) ரிசல்ட். நூலக அறிவியல், பாட எண் 59. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது, ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் கைநழுவிவிட்டது. அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் எத்தனை கேள்வி சரியாகியிருந்தால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று முறை எழுதியவளுக்கு முழுசாகச் சந்தோஷப்படவும் வரவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தேர்வின் அமைப்பு, கட்-ஆஃப் எல்லாம் தேர்வு எழுதும் உங்களுக்கே தெரியும். முதல் தாளான பொதுத் தாளைப் பற்றிப் பேசப்போவதில்லை. அதில் நான் தப்பித்ததே அதிர்ஷ்டம். நூலக அறிவியல் முன்னோடி ரங்கநாதன், அவருடைய கோலன் வகைப்பாடு, ஐந்து விதிகள் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. சொல்ல வந்தது ஒரே பகுதி: டிஜிட்டல் நூலகம், ரெப்பாசிட்டரி (கட்டுரை, ஆய்வேடு போன்றவற்றைச் சேர்த்துவைக்கும் இணையக் களஞ்சியம்), ஆவணக் காப்பகம். ஒரு பல்கலைக்கழகத்துக்குள் என்னென்ன உருவாகிறது, அதில் எது எங்கே போய்ச் சேர்கிறது, யார் அதைத் திறக்கலாம். அவ்வளவுதான் விஷயம். இரண்டு முறையும் நான் மண்ணைக் கவ்வியது அங்கேதான்.

முதல் முறை கைடு ஒன்றை வைத்து, எந்த டிஜிட்டல் நூலக மென்பொருள் எங்கே பிறந்தது என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். ஈபிரிண்ட்ஸ் – சவுத்தாம்ப்டன். டிஸ்பேஸ் – எம்ஐடியும் ஹெச்பியும். கிரீன்ஸ்டோன் – நியூசிலாந்தின் வைகாட்டோ. குளிக்கும்போதுகூட இதுதான் வாயில் ஓடும். தேர்வில் உட்கார்ந்தால் பொருத்துகவில் நாலு பெயரும் தெரிந்த பெயர்தான், ஆனால் எதற்கு எது என்று கை நடுங்கியது. காரணம் எளிது: அதுவரை ஒரு ரெப்பாசிட்டரியைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. ஒரு பொருளின் விவரங்களைப் பதிவுசெய்யும் தரமுறையான டப்ளின் கோர் அயர்லாந்தில் பிறந்தது என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன். (அது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளின். 1995-இல் அங்கே நடந்த பட்டறையிலிருந்து வந்த பெயர்.)

இரண்டாவது முறைக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டுத் தளத்துக்குத் தயார்செய்வது. 2009-ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைக்குப் பிறகு வந்தவை மின்வடிவிலேயே வந்துவிடும். அதற்கு முந்தையவைதான் எங்கள் தலையில் விழுந்தன. கோப்புகளுக்கு முன்பிருந்தவர்கள் ஸ்கேன் 1, ஸ்கேன் 2 என்று பெயர் வைத்துப் போயிருந்தார்கள். எது யாருடையது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஆய்வேடு அறைக்குப் பின்னால் இன்னொரு அறை. நாலு இரும்பு பீரோ, ஒரு உடைந்த பெஞ்சு. அட்டெண்டர் அண்ணாச்சி சாவியைக் கொடுக்கும்போதே சொன்னார்: "அதெல்லாம் கழிவு தாயி. எடைக்குப் போடணும்னு நாலு வருசமா சொல்லுதாவ."

உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சிக்குழு) கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள். பட்டமளிப்பு விழா உரைகள். பழைய வினாத்தாள் கட்டுகள். தாவரவியல் துறையின் உலர்செடித் தாள்கள், தொட்டால் பொடியாகும் பதத்தில். விடுதி மாணவர்கள் கையாலேயே எழுதிப் படம் வரைந்த பத்திரிகை. மேடையேறிய நாடகம் ஒன்றின் தட்டச்சுப் பிரதி, ஓரத்தில் பென்சிலால் 'இங்கே விளக்கு அணையும்' என்று குறிப்பு. யாரோ ஒருவரின் கள ஆய்வுக் குறிப்பேடுகள். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் விட்டுப்போன பெட்டி: கடிதங்கள், கைப்படிகள், நாற்பது வில்லுப்பாட்டு கேசட்டுகள்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டும் இரண்டாவது முறை தோற்றேன். 2 மதிப்பெண்ணில். ஒரு அறிஞரின் தாள்கள் காப்பகத்துக்கு வந்தால் எப்படி அடுக்குவது என்ற மாதிரி ஒரு கேள்வி. பொருள்வாரியாக என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். நூலகம் படித்தவளுக்கு வேறென்ன தோன்றும்? விடைக்குறிப்பு வந்த அன்று தவறு என்று தெரிந்தது. தெரிந்து என்ன பயன், அடுத்த மாதமே அந்தப் பேராசிரியரின் பெட்டியைக் கொட்டி, கடிதங்கள் ஒரு கோப்பு, கைப்படிகள் ஒரு கோப்பு, கேசட்டுகள் தனியாக என்று அழகாகப் பிரித்து வைத்தேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

பிரிவுத் தலைவர் மேடம் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. "இந்தக் கடிதம் இந்தக் கேசட்டோட ஏன் இருந்துச்சுன்னு இனி யாரும்மா சொல்லுவா?" என்று மட்டும் கேட்டார். பாடியவர் பெயர், ஊர், எந்தக் கோயில் கொடைக்குப் பாடியது என்பதெல்லாம் அந்தந்தக் கேசட்டைச் சுற்றியிருந்த கடிதத்தில்தான் இருந்திருக்கிறது. நான் உருவிப் போட்டுவிட்டேன்.

ஆகவே முதல் அறிவுரை, இதைத்தான் தலையாய பாடமாகச் சொல்வேன்: காப்பகம் நூலகம் இல்லை. நூல் தனியாக நிற்கும். ஆவணம் கூட்டத்தோடுதான் பேசும். யாரிடமிருந்து வந்ததோ அவருடைய தொகுப்பை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது (பிரான்ஸ், 1841). அவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்கக் கூடாது (பிரஷ்யா, 1881). இரண்டையும் சேர்த்து விளக்கியது 1898-இன் டச்சுக் காப்பகக் கையேடு. இந்த மூன்று ஆண்டுகளையும் இனி யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் படிக்கும் முறையையே மாற்றினேன். பட்டியலை மூடிவைத்துவிட்டு ஒரு பொருளைக் கையில் எடுப்பது. என் விஷயத்தில் அது ஒரு கேசட். டப்ளின் கோரின் 15 புலங்களையும் அதை வைத்தே படித்தேன், ஒரே இரவில்.

டைட்டில்: உறையில் எழுதியிருந்த கதைப்பெயர். கிரியேட்டர்: இங்கேயே சண்டை. பாடியவரா, பதிவுசெய்த பேராசிரியரா? பாடியவர் என்று முடிவுசெய்தேன். அப்போது பேராசிரியர் கான்ட்ரிபியூட்டர் (பங்களித்தவர்), உடுக்கும் குடமும் அடித்தவர்களும் அங்கேதான். பப்ளிஷர்: ரெப்பாசிட்டரியில் வெளியிடும் பல்கலைக்கழகம். சப்ஜெக்ட், டிஸ்கிரிப்ஷன் இரண்டும் உங்கள் திறமை. டேட்: பதிவான நாளா, டிஜிட்டலாக்கிய நாளா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். டைப்: சவுண்ட். ஃபார்மட்: ஆடியோ கோப்பின் வகை. இந்த இரண்டையும் குழப்புபவர்கள் ஏராளம், நானும் குழப்பினேன். சோர்ஸ்: கோப்பு எதிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்தக் கேசட். ரிலேஷன்: இந்தப் பதிவைப் பயன்படுத்திய ஆய்வேடு. கவரேஜ்: கதை நடக்கும் ஊர், காலம். லாங்குவேஜ்: தமிழ். ஐடென்டிஃபையர்: டிஸ்பேஸ் கொடுக்கும் ஹேண்டில் என்ற நிலையான அடையாள எண். கடைசியாக ரைட்ஸ். பாடியவர் குடும்பத்திடம் யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. அப்படியானால் இணையத்தில் திறந்துவிட முடியாது.

எண்ணிப் பாருங்கள், 15 வரும். எனக்கு இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

அதே மாதிரி உலர்செடித் தாளை எடுத்தேன். தாள் அப்படியே இருந்தால் டைப் என்பது ஃபிசிக்கல் ஆப்ஜெக்ட். ஸ்கேன் செய்தால் ஸ்டில் இமேஜ். கள ஆய்வாளரின் அளவீட்டு அட்டவணை டேட்டாசெட். நாடகப் பிரதி டெக்ஸ்ட். அதன் மேடைக் காணொளி கிடைத்தால் மூவிங் இமேஜ். டப்ளின் கோரின் டைப் சொற்பட்டியல் மொத்தம் 12. அந்தப் பின்னறையில் கிட்டத்தட்டப் பாதி எனக்குக் கிடைத்துவிட்டது. பல்கலைக்கழகக் காப்பகம் என்றால் ஆய்வேடு மட்டும் என்று நினைத்துப் படிப்பவர்கள் சாம்பல் இலக்கியம் (வழக்கமான பதிப்பகங்கள் வழியாக வெளிவராத ஆவணங்கள்) பற்றிய கேள்வியில் விழுவது இதனால்தான்.

ஷோத்கங்காவையே நிறுவன ரெப்பாசிட்டரி என்று எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது காந்திநகர் இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் தேசிய அளவிலான ஆய்வேட்டுத் தொகுப்பு. ஷோத்கங்கோத்ரி, பிஎச்டி பதிவுக்குக் கொடுக்கும் ஆய்வுத் திட்டச் சுருக்கங்களுக்கு. நிறுவன ரெப்பாசிட்டரி பார்க்க வேண்டுமானால் பெங்களூரு ஐஐஎஸ்சி-யின் (இந்திய அறிவியல் கழகம்) ஈபிரிண்ட்ஸ் தளத்தைத் திறந்து பாருங்கள், அங்கே ஆசிரியர்களின் கட்டுரைகள் தனி, ஆய்வேடுகள் தனித் தளத்தில். படைப்பிலக்கியத்துக்கு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் 'பிசித்ரா': தாகூரின் கையெழுத்துப் பிரதிகளையும் அச்சுப் பதிப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். படித்து முடித்துக் களைத்த ராத்திரிகளில் வங்காளம் ஒரு எழுத்து தெரியாமலே அதில் அவர் அடித்துத் திருத்திய இடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடித்த இடத்தையே படமாக்கிவிடுவார் மனுஷன்.

எம்பார்கோ என்றால் ஒரு படைப்பைக் குறிப்பிட்ட காலம்வரை திறக்காமல் பூட்டிவைப்பது என்று கைடு ஒரு வரியில் சொல்லும், மனத்தில் நிற்காது. 2008-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை மாணவர்கள் கொதித்தெழுந்ததைத் தேடிப் படியுங்கள். அவர்களுடைய ஆய்வேடு என்பதே நாவலும் கவிதையும்தான். அதை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டால் எந்தப் பதிப்பாளர் வாங்குவார் என்று கேட்டார்கள். பல்கலைக்கழகம் இறங்கிவர வேண்டியதாயிற்று. இயற்பியல்காரர் 1991-இலிருந்து ஆர்க்சைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் தன் கட்டுரையைத் தானாகவே ஏற்றுகிறார், நாவல் எழுதியவர் பூட்டச் சொல்கிறார். இந்த முரணைப் புரிந்துகொண்டால் கிரீன் (ஆசிரியரே ரெப்பாசிட்டரியில் ஏற்றுவது), கோல்டு (இதழே எல்லோருக்கும் திறந்து வெளியிடுவது), எம்பார்கோ மூன்றும் ஒரே மூச்சில் விளங்கிவிடும்.

இனி துண்டு துண்டாக, என் நீள நோட்டிலிருந்து:

– 2002 என்ற ஒரே ஆண்டில் நாலு விஷயம்: திறந்த அணுகலுக்கான புடாபெஸ்ட் பிரகடனம், டிஸ்பேஸ், ஐஐஎஸ்சி ஈபிரிண்ட்ஸ், ஓஏஐ-பிஎம்ஹெச் (ரெப்பாசிட்டரிகளின் பதிவு விவரங்களைத் திரட்டும் நெறிமுறை) பதிப்பு 2.0. கால வரிசைக் கேள்விக்கு இதை நடுவில் நட்டுவிட்டு முன்னும் பின்னும் போங்கள். முன்னால் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் மின் ஆய்வேட்டைக் கட்டாயமாக்கிய 1997, ஈபிரிண்ட்ஸ் 2000. பின்னால் பெதஸ்தா, பெர்லின் பிரகடனங்கள் 2003.

– ஓஏஐ-பிஎம்ஹெச்-இன் வினைகள் ஆறு. மனப்பாடம் வேண்டாம். ஏதாவது ரெப்பாசிட்டரியின் ஓஏஐ முகவரிக்குப் பின்னால் ?verb=Identify, ?verb=ListSets என்று நீங்களே தட்டிப் பாருங்கள். பதில் திரையில் கொட்டும்.

– டிஜிட்டல் காப்பகத்துக்கான மாதிரி அமைப்பான ஓஏஐஎஸ்-இன் மூன்று பொதி: வயலிலிருந்து வந்திறங்கும் மூட்டை எஸ்ஐபி, குதிரில் போட்டு வைக்கும் நெல் ஏஐபி, இலையில் விழும் சோறு டிஐபி. ஐஎஸ்ஓ எண் 14721.

– ஷெர்பா ரோமியோ (இப்போது 'ஓப்பன் பாலிசி ஃபைண்டர்') பதிப்பாளரின் திறந்த அணுகல் கொள்கை சொல்லும். ஓப்பன்டோர் ரெப்பாசிட்டரிகளின் விவரப்பட்டியல். இரண்டையும் மாற்றி எழுதி 2 மதிப்பெண் விட்டது நான்.

– டிஸ்பேஸ் அடுக்கு: கம்யூனிட்டி, கலெக்‌ஷன், ஐட்டம், பண்டில், பிட்ஸ்ட்ரீம். துறை, அலமாரி, புத்தகம், உறை, தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முழுக்கச் சரியில்லை, தேர்வுக்குப் போதும்.

– மாதிரித் தேர்வு நான் மூன்றுக்கு மேல் எழுதவில்லை. மதிப்பெண் குறைந்தால் இரண்டு நாள் படிக்க முடியாத ஆள் நான். உங்களுக்குத் தோல் தடிமன் என்றால் முப்பதுகூட எழுதுங்கள்.

– கூட்டுப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. போன தடவை கூட இருந்த இரண்டு பேரும் ஜேஆர்எஃப் வாங்கிவிட்டார்கள், அதனால் இந்த அறிவுரையை நம்பவேண்டாம்.

ஒரு நாளைக்கு ஒரு ரெப்பாசிட்டரி, அதில் ஒரே ஒரு பதிவு, அதன் முழு மெட்டாடேட்டா (அதைப் பற்றிய விவரப் புலங்கள்). நாற்பது நிமிடம் ஆகும். இரண்டரை மாதம் செய்தேன். வேறு பாடங்களுக்கு நேரம் போதவில்லை என்பது உண்மை. ஆராய்ச்சி முறையியலில் புள்ளியியல் முழுக்கக் கோட்டைவிட்டேன், ஜேஆர்எஃப் போனதும் அதில்தான். இருந்தாலும் மறுபடி படித்தாலும் இப்படித்தான் படிப்பேன்.

வேலை ஒப்பந்தம் போன மாதம் முடிந்தது. கிளம்பும்போது பதினோரு கேசட் டிஜிட்டலாகியிருந்தது, உள்வளாகத்தில் மட்டும் கேட்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு. பீரோ எடைக்குப் போகவில்லை; அண்ணாச்சி சாவியை இப்போது தன் மேசையிலேயே வைத்திருக்கிறார். அந்தப் பதினொன்றில் ஒன்றுக்கு மட்டும் கிரியேட்டர் புலம் காலி. பெண் குரல், அபாரமான குரல். அவர் பெயர் இருந்த கடிதத்தை நான்தான் ஏதோ ஒரு கோப்பில் போட்டிருக்கிறேன்.