அப்பா ரூம் சிஸ்டம்: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 6, 2023, திங்கள்

ஆன் ஆகவில்லை. ஃபேன் சுற்றுகிறது, முன்பக்கத்துப் பச்சை விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் சிக்னல் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கறுத்துப்போகிறது. மூன்று முறை அணைத்துப் போட்டேன். அதேதான்.

அப்பா கண் ஆபரேஷன் முடிந்து உள்ளறையில் மல்லாந்து படுத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பட்டனை அமுக்கினேன். இரண்டு மணிச் சொட்டு மருந்து பத்து நிமிடம் தள்ளிப்போய்விட்டது.

நவம்பர் 7, செவ்வாய்

சிபியூவைக் கூடத்துக்குத் தூக்கி வந்து பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு விரற்கடைத் தூசி. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். 2 ஜிபி ரேம் இரண்டு இருக்கின்றன. இரண்டையும் எடுத்து, பொன்நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஒன்றை மட்டும் க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினேன். திரை வந்தது! இரண்டாவதையும் மாட்டினேன், அதற்கும் வந்தது.

கறுப்புத் திரையில் தேதி தவறு, எஃப் 1 அழுத்தித் தொடரவும் என்றது. தேதி 2010 ஜனவரி 1. எஃப் 1. விண்டோஸ் 7-இன் நான்கு வண்ண வெளிச்சங்கள் கிளம்பி நடுவில் கூடுகின்றன. கூடி முடிவதற்குள் நீலத்தில் ஒரு மின்னல், மறுபடி முதலிலிருந்து. எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பதினோரு தடவை.

"ஏத்தா, சிஸ்டம் போட்டிருக்கியா? ஃபேன் சத்தம் கேக்குது."

"தூசி தட்டுறேன்ப்பா."

"சுவிட்சை அணைச்சிட்டு தட்டு."

நவம்பர் 8, புதன்

பஜாரில் ஒரு சர்வீஸ் கடை. தீபாவளிக் கூட்டத்தில் சிபியூவை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பையன் ஒரு நிமிடம் பார்த்தான். "விண்டோஸ் போயிருச்சு மேடம். ஃபார்மட் அடிச்சிரலாம். சாயங்காலம் வாங்க."

"உள்ளே இருக்கிறது?"

"சி டிரைவ்ல இருக்கிறது போயிரும். டெஸ்க்டாப்ல எதும் வச்சிருக்கீங்களா?"

அப்பா எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் வைப்பார். கண்முன்னே இருந்தால்தான் அவருக்குப் பொருள். என்ன கோளாறு என்று ஒரு கேள்விகூட அவன் கேட்கவில்லை, நேராக அழிப்பதற்குப் போய்விட்டான். அதே ஆட்டோவில் திரும்பிவிட்டேன். இன்னும் நெஞ்சு படபடக்கிறது. அங்கே விட்டுவிட்டு வந்திருந்தால்?

நவம்பர் 9, வியாழன்

அப்பாவின் கண்மாய் எழுத்து உள்ளே இருக்கிறது, 212 பக்கம். அக்காவிடம் சொன்னால் அழுவாள். சொல்லவில்லை.

நவம்பர் 10, வெள்ளி

நீலத் திரையை இன்று படித்துவிட்டேன். ஆனாகும்போதே எஃப் 8-ஐத் தட்டிக்கொண்டிருந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரி ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் நீலம் நகராமல் நிற்கிறது. கீழே எண்: ஜீரோ எக்ஸ், ஆறு பூஜ்யம், 7, பி. எந்த டிஸ்க்கிலிருந்து எழவேண்டுமோ அந்த டிஸ்க்கையே விண்டோஸால் எட்ட முடியவில்லை என்று அர்த்தம். டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இதைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

தேதியை நேற்றுத் திருத்தி வைத்தேன். காலையில் பார்த்தால் மறுபடி 2010 ஜனவரி 1.

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். யார் சொன்னார்களோ. "ஆயுத பூஜைக்குத் துடைக்கிறேன்னு நீதானடி வயரை எல்லாம் பிடுங்கின?" ஆமாம். நான்தான் பிடுங்கினேன், நான்தான் மாட்டினேன். ராத்திரி முழுக்க அதே நினைப்பு. எந்த வயரை எங்கே மாட்டினேன் என்று படுத்தபடியே விரலால் காற்றில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 11, சனி

எலெக்ட்ரிசியன் அண்ணனிடம் மல்ட்டிமீட்டர் வாங்கிவந்தேன். மதர்போர்டில் ஒற்றை ரூபாய் அளவில் ஒரு வெள்ளி வில்லை இருக்கிறது, சி.ஆர். 2032. புதிதாக இருந்தால் 3 வோல்ட் காட்டவேண்டும். 1.9 காட்டியது.

கரன்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவதும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் எழுந்து சிஸ்டத்தைக் கிளப்பும் நிரல்) நாம் வைத்த அமைப்புகளைப் பிடித்துவைப்பதும் இந்த வில்லைதான். சுவர் சுவிட்ச் போட்டிருந்தால், சிஸ்டம் ஆஃபாக இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரப் பெட்டியிலிருந்து 5 வோல்ட் கசிந்து வந்துகொண்டிருக்கும். கடிகாரம் அதில் ஓடும், வில்லைக்கு ஓய்வு. சுவிட்சை அணைத்தால் முழுச் சுமையும் வில்லை தலையில்.

அப்பா தினமும் ராத்திரி ஒன்பதரைக்குச் சுவிட்சை அணைப்பார். அதற்குக் காரணமும் உண்டு: ஒரு ஐப்பசி இடியில் டி.வி. போனது. அன்றைக்கு அணைத்துவைத்திருந்ததால்தான் சிஸ்டம் தப்பியது.

நான் இல்லை. என் வயர் இல்லை. ஒரு நிமிடம் எவ்வளவு லேசாக இருந்தது! அடுத்த நிமிடமே, இதை அவரிடம் சொல்லக்கூடாது என்று முடிவுசெய்துவிட்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

வெடிப்புகை கண்ணில் படக்கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தி, இடுக்கில் துணி செருகி, காலையிலிருந்து இருட்டிலேயே இருக்கிறோம். அப்பாவுக்குத் தலைக்கு எண்ணெய் கிடையாது. தலைக்கு ஊற்ற டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை. கழுத்துக்குக் கீழே துடைத்துவிட்டு, புது வேட்டி கட்டி, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் வாரம் ஆறு வேளைச் சொட்டு, இரண்டாம் வாரம் ஐந்து. பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுத்து கூடிவரவில்லை. படிக்கிற கண்ணாடி ஒரு மாதம் கழித்து.

பொழுது போகாமல் பேச ஆரம்பித்தார். வேறென்ன, கண்மாய்தான். கண்மாயின் உபரித் தண்ணீர் வெளியேறுகிற இடம் கலுங்கு. கலுங்கு தாண்டி ஓடுகிற தண்ணீர் மறுகால். மேலே இருந்து கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால். கரைக்குள் தண்ணீர் நிற்கிற பரப்பு உள்வாய். வயலுக்குத் திறந்துவிடுவது மடை. "எல்லாம் தெரிஞ்சதுதானேன்னு நினைப்பே. ஒரு கண்மாய்க்கு மூணு மடை இருக்கும், மூணுக்கும் தனித்தனிப் பேரு இருக்கும், அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு ஆளு இருப்பான். அதை எவன் எழுதி வச்சிருக்கான்? நம்ம ஆபீஸ் ரெஜிஸ்டர்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர்தான் இருக்கும்." பொதுப்பணித் துறையில் முப்பத்து நாலு வருடம் அந்த நம்பர்களை டைப் அடித்தவர். ஓய்வு பெற்றபின் பேருந்து ஏறி ஊர் ஊராகப் போய், தண்ணீர் பாய்ச்சுகிற கிழவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேட்டு எழுதினார். அதில் பாதிப் பேர் இன்று இல்லை.

"கண்ணாடி வந்ததும் 213-லேருந்து ஆரம்பிக்கணும். ஒரு கண்மாய்தான் பாக்கி."

அப்போது சொல்லியிருக்கலாம். அதிரசத்தைப் பிட்டு அவர் கையில் கொடுத்தேன்.

நவம்பர் 13, திங்கள்

கடைகள் மூடல். வாட்ச் கடைக்காரர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டி வில்லை வாங்கினேன். புதுசு 3.2 காட்டுகிறது. தேதி நிற்கிறது. ஆனால் அதே நீலம், அதே 7 பி.

நவம்பர் 14, செவ்வாய்

புரிந்துவிட்டது. வில்லை செத்ததும் பயாஸ் தன் பழைய தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிட்டது. அதில் டிஸ்க்கோடு பேசும் முறை ஐ.டி.ஈ. என்று இருக்கிறது. விண்டோஸ் போட்ட நாளில் அது ஏ.எச்.சி.ஐ. என்று இருந்திருக்கவேண்டும். விண்டோஸ் தனக்குத் தெரிந்த வழியில் போய்த் தட்டுகிறது, டிஸ்க் வேறு வாசலில் நிற்கிறது. டெலிட் விசையை அழுத்தி உள்ளே போய், அந்த ஒரு வார்த்தையை மாற்றிச் சேமித்தேன்.

நான்கு வெளிச்சமும் கூடின. நீலம் வரவில்லை. கொடி முழுசாக மலர்ந்தது. கை கூப்பிவிட்டேன், நிஜமாகவே.

பிறகு அப்படியே நின்றது. அரை மணி நேரம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக், டிக், ஒரு இழுப்பு, டிக். நகத்தால் பலகையைத் தட்டுவதுபோல.

அணைத்துவிட்டேன்.

நவம்பர் 15, புதன்

இனிமேல் விண்டோஸை எழுப்பப்போவதில்லை. டிஸ்க்கே நோயாளி, ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் விண்டோஸ் அதன்மேல் எழுதும். பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி அதிலிருந்து கிளப்பினேன். அப்படிச் செய்தால் டிஸ்க்கில் ஒரு எழுத்தும் மாறாது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்துக்கொள்ளும் குறிப்பைப் படித்தேன். 197-ஆம் வரிசையில், படிக்கமுடியாமல் தள்ளிவைத்திருக்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு கட்டங்கள்: 88. அது பூஜ்யமாக இருக்கவேண்டிய இடம்.

1 டிபி புது டிஸ்க் வாங்கினேன். அப்பாவின் பென்ஷன் பணம் இல்லை, என் பணம்.

டிடி ரெஸ்க்யூ என்று ஒரு நிரல், கெட்ட டிஸ்க்கை நகலெடுப்பதற்கு. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும், தடுக்குகிற இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிவிடும், கடைசியில்தான் திரும்பிவந்து கெட்ட இடங்களைச் சுரண்டும். எது வந்தது, எது வரவில்லை என்று தனியாக ஒரு வரைபடக் கோப்பு எழுதிக்கொண்டே போகும். அந்த வரைபடத்தைப் புது டிஸ்க்கிலேயே வைத்தேன். பென் டிரைவ் லினக்ஸில் வைத்தால் கரன்ட் போனதும் மறைந்துவிடும். யுபிஎஸ் பேட்டரி எப்போதோ போய்விட்டது. மழை வேறு இருட்டிக்கொண்டு வருகிறது.

மாலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். 500 ஜிபி. விநாடிக்கு 70 எம்பி. ஒன்பது மணிக்கு 97 சதவீதம். பிறகு வேகம் விழுந்து எறும்பாக ஊர்ந்தது.

ஒன்பதரைக்கு நான் அடுப்படியில் இருந்தேன். அறை சட்டென்று அமைதியானது. ஃபேன் இல்லை, டிக் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா. சுவரைத் தடவிக்கொண்டு வந்து, வழக்கம்போல.

"சிஸ்டத்தை ஆன்லயே விட்டுட்டு எங்கத்தா போனே? இடி இடிக்குது."

நவம்பர் 16, வியாழன்

வரைபடம் பத்திரமாக இருந்தது. விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. அதை இங்கே முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். டிஸ்க் கெட்டுவிட்டது, பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. கத்தவில்லை. "பத்து நாளா?" என்று மட்டும் கேட்டார். இன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சொட்டு போடும்போது மட்டும் தலையை அண்ணாந்தார். கண்ணிலிருந்து வழிந்தது மருந்துதான் என்று நினைக்கிறேன்.

வில்லையைப் பற்றிச் சொல்லவில்லை. சுவிட்சின்மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன். ஒன்பதரைக்கு வந்தார். விரல் டேப்பைத் தொட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அணைக்காமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 17, வெள்ளி

99.99 சதவீதம். மிச்சம் 3.1 எம்பி.

நகலைத் திறந்தேன். டெஸ்க்டாப் அப்படியே இருக்கிறது. 'கண்மாய்' என்ற கோப்பை என் லேப்டாப்பில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. ஒரு விநாடி உயிரே போய்விட்டது. பிறகு முதல் வரியில் பார்த்தேன்: ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. தமிழ்! பாமினி எழுத்துருவில் ஜே என்றால் த, கே என்றால் ம. டைப்ரைட்டரில் கை பழகியவர், யளனக என்று இடது விரல்களுக்குப் பாடம் ஏறியவர், யூனிகோடுக்கு மாறவே மாட்டேன் என்று நின்றவர். நகலிலிருந்தே எழுத்துருவையும் எடுத்துப் போட்டேன். குப்பை அவிழ்ந்து கலுங்கு ஆனது, மறுகால் ஆனது, குமிழி மடை ஆனது.

198 பக்கம்.

நவம்பர் 18, சனி

திரும்பத் திரும்ப எண்ணிவிட்டேன். 198-தான். 

அப்பா வாய் திறந்தார். "அது பழசு. போன மாசம் வேற பேர்ல சேமிச்சேன். 'கண்மாய் கடைசி'ன்னு இருக்கும் பாரு."

இருக்கிறது. பெயர் இருக்கிறது, தேதி அக்டோபர் 29 என்று இருக்கிறது. திறக்க மறுக்கிறது. அந்த 3.1 எம்பியில் அது விழுந்திருக்கிறது.

டிடி ரெஸ்க்யூவைப் பின்னாலிருந்து முன்னாக ஓடவிட்டிருக்கிறேன். முன்னாலிருந்து வந்து தடுக்குகிற இடத்தைச் சில சமயம் பின்னாலிருந்து வந்து எட்டிவிடலாம். அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். திரையில் ஓடும் எண் அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மாறும்போதெல்லாம் நான் வாசிக்கிறேன்.

3.1. 3.1. 3.0.

"இன்னும் இருக்கு. வாசி."