ஓய்வூதியம் இல்லாத முன்னாள் படைவீரர்கள்

எங்கள் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு ஒருவரையாவது பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர்கள் உண்டு. அதனாலேயே முன்னாள் படைவீரர் என்றால் ஓய்வூதியம், கேன்டீன் அட்டை, ஈசிஎச்எஸ் எனும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் மூன்றும் தாமாகக் கிடைத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சிப்பாயாகச் சேர்ந்தவர் சாதாரண ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். அதற்கு முன்பே விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பி, வாட்ச்மேனாகவோ விவசாயக் கூலியாகவோ முதுமை எய்தியவர்களை நம்மில் பலர் கணக்கில் கொள்வதே இல்லை.

இவர்கள் முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஓய்வூதியமில்லாத, ஹவில்தார் வரையிலான நிலையில் பணியாற்றிய, 65 வயது கடந்தவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மத்திய நிதியிலிருந்து மாதந்தோறும் வறுமை நிவாரணத் தொகை வழங்கப்படுகிறது. ரூ.4,000 ஆக இருந்த இத்தொகை, 2025 நவம்பர் 1 முதல் பெறப்படும் விண்ணப்பங்களுக்கு ரூ.8,000 ஆக உயர்த்தப்பட்டது. மகள் திருமணத்துக்கான உதவியும் அப்போதே ரூ.50,000 இலிருந்து ஒரு லட்சமானது. விண்ணப்பம் டெல்லியிலுள்ள மத்திய முன்னாள் படைவீரர் வாரியத்துக்குப் போனாலும், அதைச் சரிபார்த்துப் பரிந்துரைப்பது மாவட்ட அலுவலகம்தான் என்பதால், அங்கே பெயர் பதிவு செய்யாதவருக்கு எந்த அறிவிப்பாலும் பயனில்லை.

பதிவு செய்யப் போனால், படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத்தான் முதலில் கேட்பார்கள். எந்த ஆண்டில், என்ன காரணத்துக்காக விடுவிக்கப்பட்டார் என்ற அதன் குறிப்பைப் பொறுத்தே ஒருவர் முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள் வருகிறாரா என்பது முடிவாகிறது. சில ஆண்டுகள் சீருடை அணிந்திருந்தால் மட்டும் போதாது. எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டியின் மனு நெடுநாள் நகராமல் கிடந்ததற்குக் காரணம், கணவரின் புத்தகத்தில் 'அம்மாள்' என்றும் ஆதாரில் 'அம்மா' என்றும் முடிந்த அவர் பெயர்தான். கணவர் உயிரோடிருந்தபோதே படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதியிருந்தால் எளிதில் திருத்தியிருக்கலாம். மதராஸ் ரெஜிமெண்டுக்கு அந்த அலுவலகம் வெலிங்டனில் இருக்கிறது, பீரங்கிப் படைக்கு நாசிக்கில், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூரில். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவை ஜபல்பூருக்கு யாரைப் பிடித்துக் கடிதம் எழுதுவார்? மாவட்ட ஆட்சியரின் தலைமையில் முன்னாள் படைவீரர்களுக்கென்று நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதே இத்தகையவர்களுக்கு ஏற்ற வழி என்பது என் அனுபவம்.

மாநில அரசின் திட்டங்களும் இதே அலுவலகம் வழியாகத்தான் வருகின்றன. 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில், தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரையிலான வங்கிக் கடனுக்கு 30 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. நல்ல திட்டம்தான், ஆனால் இது நாற்பது வயதில் ஓய்வூதியத்தோடு வெளிவரும் ஹவில்தாருக்குப் பொருந்துமே தவிர, நான் சொல்லும் முதியவர்களுக்குப் பொருந்தாது. 1949 முதல் டிசம்பர் 7 அன்று படைவீரர் கொடிநாள் உண்டியலில் நாம் போடும் பணத்தில் ஒரு பகுதியாவது இவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் செலவாகலாம்.

ஓய்வூதியமின்றித் திரும்புவோர் பழைய தலைமுறையோடு முடிந்துவிடவும் போவதில்லை. 2022 இல் வந்த, நான்கு ஆண்டுகளுக்குப் படையில் ஆள் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தின்படி, அக்காலம் முடிந்ததும் நால்வரில் ஒருவர் வரையே படையில் நிரந்தரமாக்கப்படுவார். மற்றவர்கள் சேவா நிதி எனும் ஒருமுறைத் தொகையோடு வீடு திரும்புவார்கள். திட்டத்தின் விதிகளின்படி அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அணியினரின் நான்கு ஆண்டுகள் 2026 இறுதியில் நிறைவடையத் தொடங்குகின்றன. அவர்களையும் மாவட்ட நல அலுவலகங்களில் பதிவு செய்துகொள்ள மாநில அரசு தன் அளவில் ஓர் ஆணை பிறப்பிக்கலாம்.