கேமரா பழுதானால் யார் காசு?

எங்கள் ஊர்க் கேமராக்கள் இப்போது எதையும் பதிவு செய்வதில்லை. பேருந்து நிறுத்தத்திலும் பள்ளிக்கூட முக்கிலும் குளத்தங்கரைச் சாலையிலும் அவற்றை வைக்கச் சொன்னது காவல் நிலையம். வாங்கியது ஊர்ப்பணம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டோம். மும்பையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளும் அனுப்பினார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே நோட்டில் பெயர் எழுதிக் கொடுத்த பணம் அது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறத்துக்கே சண்டை மூளும் இந்தத் திருநெல்வேலி மாவட்டத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியுமோ என்னவோ.

இடி விழுந்து பதிவுக் கருவி போய்விட்டது. நிலையத்தில் கேட்டால் ஊராட்சியைக் கேளுங்கள் என்கிறார்கள். ஊராட்சியிலோ அதற்கு நிதி இல்லை. வார்டு உறுப்பினராகக் கணக்கைப் பார்த்துத்தான் சொல்கிறேன்: 2021 முதல் 2026 வரைக்கான மத்திய நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று ஒதுக்கினார்கள். மீதியில்தான் மற்ற எல்லாத் தேவைகளும். காவல்துறையோ மாநிலப் பட்டியலில் இருப்பது. ஊராட்சிகளுக்கென்று அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை சொல்லும் 29 பொருள்களில் காவல் கிடையாது. அதிகாரம் இல்லாத வேலைக்குச் செலவு மட்டும் எங்கள் தலையிலா?

இந்தச் சீமையில் காவலுக்கு ஊரே கொடுத்த காலம் உண்டு. ஊர் அளவில் தலக்காவல், சுற்றுவட்டார அளவில் திசைக்காவல் என்று விளைச்சலில் பங்கு அளந்தார்கள். களவு போனால் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். பின்னாளில் அது சீரழிந்து, மாட்டைக் களவாண்டவர்களுக்கே துப்புக்கூலி கொடுத்து மீட்கும் அவலமும் வந்தது. அந்த ஏற்பாடு திரும்ப வேண்டாம். ஆனால் வாங்கிய கூலிக்குப் பொறுப்பு என்ற அதன் மூல நியாயம் சரியானது.

பொறுப்பே இல்லாத வசூலையும் திருநெல்வேலி கண்டிருக்கிறது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் ஊர் கொதித்தெழுந்தது. 13ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். பிறகு ஊரைத் தண்டிக்கவென்றே தண்டக் காவல் படையை நிறுத்தி, அதன் செலவைத் திருநெல்வேலி, தூத்துக்குடி மக்களிடமே வரியாகப் பிடித்தது ஆங்கிலேய அரசு. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரே போலீசுக்கும் படியளந்தது.

அதே ஆங்கிலேயர் தம் நாட்டில் இன்று உள்ளாட்சி வரிச் சீட்டில் போலீசுக்கான தொகையைத் தனியாகக் காட்டுகிறார்கள். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்தால் கேள்வி கேட்க வாய் வரும். எங்களிடம் ரசீதுகூட இல்லை.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மகளிர் குழுவினர் சேர்ந்து தீர்மானம் எழுதியிருக்கிறோம். மின்கட்டணத்தை ஊராட்சி கட்டட்டும். பழுதும் பராமரிப்பும் காவல்துறையுடையது. பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது எழுத்தில் வேண்டும். நகல் ஆட்சியருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் போகும். இரண்டு தெருப் பெண்களும் கையெழுத்துப் போடுகிறார்கள்.