விற்றதா, அடகு வைத்ததா

"மேடம், கடிகாரத்த அடகு வெச்சிருக்கலாமே? ஏன் வித்தாரு?"

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது இந்தக் கேள்வி. மதிய ஷிப்ட், பி.காம் முதலாண்டு, பகுதி 2 ஆங்கில வகுப்பு. ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை' கதையை முடித்துவிட்டு, "டவுட் இருக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டிருந்தேன். வழக்கமாக யாரும் வாய் திறப்பதில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1905 டிசம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்த கதை இது. டெல்லாவும் ஜிம்மும் வாரம் 8 டாலர் வாடகை வீட்டில் குடியிருக்கும் இளம் தம்பதி. மறுநாள் கிறிஸ்துமஸ். டெல்லாவின் கையில் 1 டாலர் 87 சென்ட். முழங்காலுக்குக் கீழே தொங்கும் தன் கூந்தலை 20 டாலருக்கு விற்று, கணவனின் பரம்பரைக் கடிகாரத்துக்கு 21 டாலரில் ஒரு சங்கிலி வாங்குகிறாள். மிச்சம் 87 சென்ட். அவனோ அந்தக் கடிகாரத்தை விற்று, அவள் கூந்தலுக்கு ஆமையோட்டுச் சீப்புகள் வாங்கி வந்து நிற்கிறான்.

கெய்டில் இந்தக் கதைக்கு இரண்டு பக்கம் உண்டு. தியாகம், அன்பு, எதிர்பாராத முடிவு. அடகைப் பற்றி ஒரு வரி கிடையாது. எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. "நீங்களே சொல்லுங்க" என்று வகுப்பைப் பார்த்தேன்.

"அடகுன்னா ரசீது இருக்கும் மேடம். அப்புறமா மீட்டுக்கலாம்" என்றான் ஒருவன். முன்வரிசைப் பெண் திரும்பி, "வட்டி யாரு கட்டுறது? சம்பளமே முப்பது டாலர்ல இருந்து இருபதாக் கொறஞ்சிருச்சே" என்றாள். அந்தச் சம்பளக் கணக்கு கதையின் தொடக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. பல வருடம் நடத்தியும் நான் அதை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். அவள் அதைப் பிடித்து வைத்திருந்தாள்.

பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பையன் எழுந்தான். அதுவரை என் வகுப்பில் அவன் பேசிக் கேட்டதில்லை. "எங்கம்மா என் ஃபீஸுக்கு வளையல அடகு வெச்சாங்க மேடம். மீட்கிற வரைக்கும் தினமும் அந்தப் பேச்சுதான். இவரு வித்துட்டாரு. ஆனா அதப் பத்திப் பேசவே இல்லையே."

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். சீப்பு வாங்கக் கடிகாரத்தை விற்றுவிட்டேன் என்று ஜிம் ஒரே வாக்கியத்தில் சொல்கிறான். அடுத்த வாக்கியத்தில் அடுப்பில் கறியைப் போடச் சொல்கிறான். புலம்பல் இல்லை, பெருமை இல்லை. கொடுத்தது கொடுத்ததுதான் என்று சாப்பாட்டுப் பேச்சுக்குப் போய்விடுகிறான். அந்த இடைவெளியில்தான் கதை நிற்கிறது என்பதை ஓர் அடகு ரசீது இருக்கும் வீட்டுப் பிள்ளை எனக்குக் காட்டினான்.

அன்று மாலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். மாணவர்கள் கேட்கும் கேள்விகளை மட்டும் அதில் எழுத ஆரம்பித்தேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அதற்குப் பல வருடம் முன்பே ஒரு மாணவி எனக்கு இதே பாடத்தை நடத்தியிருந்தாள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1996ல். கரிசல் காட்டு ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரி. பெரும்பாலும் தமிழ்வழி, வீட்டில் முதல் பட்டம். ஆங்கிலத்தில் அரியர் விழுந்தால் டிகிரியே கைக்கு வராது என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பாடத்தை ஒருமுறை வாசிப்பேன், தமிழில் அர்த்தம் சொல்வேன், மீதி நேரம் முழுக்க நோட்ஸ் டிக்டேட் பண்ணுவேன். கவிதை என்றால் கவிஞர் குறிப்பு, சுருக்கம், கடைசியில் 'மாரல்'. பிள்ளைகள் பாஸானார்கள். அதனால் நான் சரியாகத்தான் வேலை செய்கிறேன் என்று நம்பினேன்.

1998ல் வில்லியம் பிளேக்கின் 'தி சிம்னி ஸ்வீப்பர்' பாடத்தில் இருந்தது. 1789ல் வெளியான கவிதை. லண்டன் வீடுகளின் புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரி சுரண்டும் சிறுவர்களைப் பற்றியது. புகைபோக்கி குறுகலாக இருக்கும். அதனால்தான் சின்னப் பிள்ளைகள் வேண்டும். முழங்கையையும் முழங்காலையும் சுவரில் ஊன்றி ஏறவேண்டும். தோல் காய்த்துப்போக உப்புநீரைத் தேய்ப்பார்கள். கவிதை வருவதற்கு முந்தைய வருடம்தான் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இதில் சேர்க்கக் கூடாதென்று சட்டம் போட்டார்கள். யாரும் மதிக்கவில்லை. இந்த வழக்கம் உண்மையில் ஒழிய 1875 ஆனது.

கவிதையில் பேசுவது ஒரு சிறுவன். அம்மா செத்துப்போனாள். அவன் நாக்கு 'வீப், வீப்' என்று கூவக்கூடத் திரும்பாத வயதில் அப்பா அவனை விற்றுவிட்டார். தெருவில் 'ஸ்வீப், ஸ்வீப்' என்று கூவிக்கொண்டு போகவேண்டிய குழந்தை. முதல் எழுத்து அவன் வாயில் வராததால் அது 'வீப்' ஆகிறது, அதாவது 'அழு'. மழலையும் அழுகையும் ஒரே ஒலிக்குள் இருக்கின்றன. தமிழில் இதை எப்படிச் சொன்னாலும் பாதிதான் வரும். வாய்விட்டு வாசித்தால் மட்டும் விளங்கும். அந்த வருடம் நான் வாய்விட்டு வாசிக்கவில்லை. டிக்டேட் செய்தேன்.

கவிதையின் முடிவில், டாம் என்ற இன்னொரு சிறுவன் ஒரு கனவு காண்கிறான். கருப்புச் சவப்பெட்டிகளில் பூட்டிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறுவர்களை ஒரு தேவதூதன் திறந்துவிடுகிறான். நல்ல பிள்ளையாக இருந்தால் கடவுளே உனக்கு அப்பா என்கிறான். டாம் விழிக்கிறான். இருட்டிலேயே எழுந்து, பையும் பிரஷும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். எல்லோரும் தத்தம் கடமையைச் செய்தால் எந்தத் தீங்குக்கும் அஞ்சவேண்டாம் என்று கவிதை முடிகிறது.

கெய்டு இந்தக் கடைசி வரியை அப்படியே மாரலாகப் போட்டிருந்தது: கடமையைச் செய்தால் துன்பம் இல்லை. நானும் அதையே டிக்டேட் செய்தேன்.

மறுநாள் ஒரு மாணவி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். வரலாறு இரண்டாம் ஆண்டு. புத்தகத்தை நீட்டினாள். 'இருட்டிலேயே எழுந்தோம்' என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அழுத்திப் போட்டதில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது.

"மேடம், நான் அஞ்சாவது படிக்கையில தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனேன். ஆபீஸ் பஸ் விடியுறதுக்கு முன்னாடியே ஊருக்கு வந்துரும். ஹாரன் அடிச்சா அம்மா எழுப்பி விடுவாங்க. முகம் கழுவினனா இல்லையான்னுகூடத் தெரியாது. பஸ்ல தூங்கிட்டே போவோம்."

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். சிவகாசி, சாத்தூர் பக்கம் இப்படிப் பஸ்கள் போனதை அந்த வட்டாரத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதில் போன ஒரு குழந்தை என் வகுப்பில் உட்கார்ந்து இந்தக் கவிதைக்கு நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தது மட்டும் தெரியாது.

அவள் தொடர்ந்து கேட்டாள். "கடைசி வரி இருக்குல்ல மேடம், அது யாரு சொல்றது? அந்தப் பையனா, அவன வேலைக்கு வெச்சிருக்கறவனா? எங்க மேஸ்திரியும் இதயேதான் சொல்லுவாரு. ஒழுங்கா குச்சி அடுக்கினா ஒருத்தரும் திட்டமாட்டாங்கன்னு. நாங்களும் அப்டியே நம்பிட்டு மத்த பிள்ளைகள்ட்டச் சொல்லுவோம்."

பிளேக்கைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதிய விமர்சகர்கள் வந்து சேருகிற இடம் இதுதான். அந்த வரியைச் சொல்வது சிறுவனின் வாய். வார்த்தை அவனுடையது அல்ல. சுரண்டுகிறவன் கற்றுக்கொடுத்ததை அறியாப்பிள்ளை நம்பிச் சொல்கிறான். படிக்கிறவருக்குத்தான் அது தைக்கவேண்டும். 1794ல் பிளேக் இதே தலைப்பில் இன்னொரு கவிதை எழுதி வெளியிட்டார். அதில் வரும் பையன் நன்றாகத் தெரிந்தே பேசுகிறான்: நான் ஆடிப்பாடுகிறேன் என்பதால் எனக்குத் தீங்கு செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்கிறான். இரண்டையும் நான் எம்.ஏ.வில் படித்தவள். படித்துவிட்டும், மேஸ்திரி சொன்ன வாக்கியத்தையே மாரல் என்று அறுபது பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்திருந்தேன். அவர்களில் ஒருத்தி அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவள்.

அடுத்த வகுப்பில் அந்த நோட்ஸை அடிக்கச் சொன்னேன். ஏன் என்று விளக்கினேன். அவள் பெயரைச் சொல்லவில்லை, அவளும் அதை விரும்பவில்லை. பிறகு கவிதையை முழுதாக வாய்விட்டு வாசித்தேன், 'வீப், வீப்' உட்பட. இருபத்து நான்கு வரிதான். இரண்டு நிமிடம்கூட ஆகாது. முதல் பத்தியில் 'உங்கள் புகைபோக்கிகளைத்தான் துடைக்கிறேன்' என்று வரும். அந்த 'உங்கள்' யார் என்று கேட்டேன். வகுப்பு யோசித்தது. பதில் வர நேரமானது. ஆனால் வந்தது. வீட்டில் அடுப்பு பற்றவைக்கிற எல்லோரும்தான் என்றார்கள்.

அன்றிலிருந்து எந்தக் கவிதையையும் முதலில் வாய்விட்டு இரண்டுமுறை வாசித்துவிட்டுத்தான் அர்த்தத்துக்குள் போகிறேன். பிள்ளைகள் கேள்வியைத் தமிழில் கேட்கலாம். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று சொல்கிற சக ஆசிரியர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடகு பற்றிய அந்தக் கேள்வி ஆங்கிலத்தில்தான் வரவேண்டும் என்று நான் நின்றிருந்தால் அது அந்தப் பையனின் தொண்டையிலேயே நின்றிருக்கும். முதலில் கேள்வி பிறக்கட்டும். பிறகு அதை ஆங்கிலத்தில் சேர்ந்து எழுதுவோம். எழுதுவதற்கு ஒரு விஷயம் கையில் இருக்கும்போது இலக்கணப் பிழையைத் திருத்துவதும் சுலபமாக இருக்கிறது.

'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை' தலைப்பில்கூட இப்படி ஒன்று நடந்தது. மேஜையைப் பரிசாகக் கொடுக்கும் கதை என்றே சிலர் நினைத்திருந்தார்கள். சர்ச் பாடகர் குழுவில் இருக்கும் ஒரு பெண் எழுந்து, அது மத்தேயு சுவிசேஷத்தில் வரும் சாஸ்திரிகள் என்று சொல்லி, குழந்தை இயேசுவுக்கு அவர்கள் கொண்டுவந்த பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் மூன்றையும் வரிசையாகச் சொன்னாள். அரை மணி நேரம் நான் விளக்க வேண்டியதை அவள் மூன்று சொல்லில் முடித்துவிட்டாள்.

வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையில் வரும் டாஃபடில்ஸ் பூவைப் பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை. அதற்காக நான் படம் தேடி அலைவதில்லை. தை மாதம் கொத்தமல்லி பூத்துக் கிடக்கும் கரிசல் காட்டில் காற்றடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் போதும். கூடவே, அவர் தங்கை டோரதியின் நாட்குறிப்பில் 1802 ஏப்ரல் 15 அன்று எழுதியிருப்பதைச் சொல்வேன். அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் அந்தப் பூக்களைப் பார்த்தார்கள். சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லைத் தலையணையாக வைத்துச் சாய்ந்திருந்தன என்று டோரதி எழுதுகிறார். கவிதை 1807ல் அச்சேறியபோது அதில் தங்கை இல்லை. 'தனியாக அலைந்தேன்' என்று தொடங்குகிறது.

"தங்கச்சி கூடவே நின்னுருக்காங்க. அப்புறம் எதுக்கு மேடம் தனியான்னு எழுதினாரு?" இது நோட்டில் 31வது கேள்வி. கேட்டவளுக்கு இரண்டு அண்ணன்கள்.

இதற்கு நான் பதில் எழுதிவைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். ஒவ்வொரு வருடமும் வேறு வேறு பதில் வருகிறது. நினைத்துப் பார்க்கையில் மனிதன் தனியாகத்தானே இருக்கிறான் என்றான் ஒருவன். தங்கை எழுதியதை எடுத்துக்கொண்டார், அதனால் மறைத்தார் என்றாள் ஒருத்தி. கவிதையின் மிக நல்ல இரண்டு வரிகளை, மனக்கண்ணில் பூக்கள் பளிச்சிடும் அந்த வரிகளை, எழுதியது மனைவி மேரி என்று வேர்ட்ஸ்வொர்த்தே சொல்லியிருக்கிறார் என்றேன். வகுப்பில் பெண்கள் பக்கம் ஒரே சத்தம்.

சில வருடம் முன்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் அதே பிளேக் கவிதை எனக்கு வந்தது. கடைசி வரியின் பொருள் என்ன என்று ஐந்து மதிப்பெண் கேள்வி. விடைத்தாள் கட்டுக்குள் தாளுக்குத் தாள் ஒரே வாக்கியம், கெய்டில் இருந்த அதே வாக்கியம்: கடமையைச் செய்தால் துன்பம் இல்லை. விடைக்குறிப்பிலும் அதுதான் இருந்தது. மதிப்பெண் போட்டுக்கொண்டே போனேன்.

ஒரு தாளில் மூன்றே வாக்கியம். வினைச்சொல் ஒன்றுக்கும் காலம் சரியில்லை. எழுத்துப் பிழைகள் வேறு. ஆனால் சொல்ல வந்தது தெளிவாக இருந்தது: இதைப் பையன் சொல்கிறான். ஆனால் இது பையனின் வார்த்தை இல்லை. முதலாளி சொல்லிக்கொடுத்தது.

நான்கு மதிப்பெண் போட்டேன். சரிபார்க்க வந்த சீஃப், "கீயில இது இல்லையே மேடம்" என்றார். கவிதையை எடுத்து முதல் வரியிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள். சீஃப் விடைத்தாளை இன்னொருமுறை படித்தார். நான்கின் பக்கத்தில் இனிஷியல் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

எந்தக் கல்லூரி, யாருடைய பிள்ளை என்று தெரியாது. தாளில் டம்மி எண் மட்டும்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்த மூன்று வாக்கியங்களை நினைவிலிருந்து நோட்டில் எழுதினேன். பெயர் எழுதவேண்டிய இடத்தில் தேதியைப் போட்டேன்.