நீள்வால் சிட்டின் கூட்டில் லைக்கனுக்கு என்ன வேலை?

ஐரோப்பாவின் லாங்-டெய்ல்டு டிட், தமிழில் நீள்வால் சிட்டு என்று வைத்துக்கொள்வோம், 7 முதல் 9 கிராம் எடைதான் இருக்கும். சுமார் 14 செ.மீ. நீளத்தில் பாதிக்கு மேல் வால். அது வாழும் தோப்புகளின் மரப்பட்டையில் பர்மீலியா சல்கேட்டா என்ற சாம்பல்நிற லைக்கன் (பூஞ்சையும் பச்சைப்பாசியும் ஒன்றாகி வாழும் உயிரி) படர்ந்திருக்கும். நம் அஞ்சறைப்பெட்டிக் கல்பாசிக்கு ஒரே குடும்பத்துச் சொந்தம். இப்படிப்பட்ட இலைவடிவ லைக்கன்களிலிருந்துதான் பறவை செதில் செதிலாகப் பிய்த்துக் கூட்டின் வெளிப்புறத்தில் ஒட்டுகிறது.

ஒரு கூட்டில் ஏறத்தாழ 6000 துண்டுகள். அதில் பாதி லைக்கன். ஆனால் கூட்டைத் தாங்குவது அது இல்லை. பாசிச்செடியின் (moss) சிறு இலைகள் கொக்கியாகவும், சிலந்தி முட்டைப்பையின் இழைகள் வளையமாகவும் வெல்க்ரோ போல ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. குஞ்சுகள் வளர வளரக் கூடு கிழியாமல் விரிந்து கொடுப்பது இதனால்தான். குளிரைத் தடுப்பது உள்ளே திணித்த 1500-க்கு மேற்பட்ட இறகுகள்.

அப்படியென்றால் 3000 செதில் எதற்கு? மரப்பட்டை மாதிரித் தெரிவதற்கு என்பார்கள். லைக்கனே இல்லாத முட்புதரிலும் இதே பூச்சு இருப்பதால் அந்தப் பதில் போதாது. கூடுகளை ஆராய்ந்த மைக் ஹேன்செல் வேறு விளக்கம் தருகிறார்: வெளிறிய செதில்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், புதரின் இடுக்கில் பின்னாலிருந்து வெளிச்சம் வருவதுபோலத் தோன்றி, கூடு கண்ணில் படாமல் போகிறது. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. ஆனாலும் காக்கை இனங்களிடம் ஏராளமான கூடுகள் பறிபோகின்றன. இலை துளிர்க்காத மார்ச் மாதத்துப் புதரில் மறைவு குறைவு.

கூடு இழந்த ஜோடி, பருவம் கடந்துவிட்டால் மறுபடி கட்டாது. அப்படிப்பட்ட பறவைகளில் பல, சொந்தக்காரர்களின் குஞ்சுகளுக்கு இரை கொண்டுபோய்க் கொடுக்கும். பறவைக்கு இந்த ஒத்துழைப்பு அவ்வப்போதுதான். லைக்கனுக்கோ பூஞ்சையும் பச்சைப்பாசியும் சேர்ந்தால்தான் உடலே. மேற்பரப்பு வரப்புகள் வெடித்துக் கொட்டும் வெண்பொடியிலும் இரண்டும் சேர்ந்தே பயணிக்கும். பறவை முதல் கூட்டைக் கட்டச் சுமார் மூன்று வாரம். லைக்கன் வளர்வதோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்.

பர்மீலியா சல்கேட்டாவை அடையாளம் காண அந்த வரப்புகளைப் பாருங்கள். அடிப்பக்கம் கருப்பு வேரிழைகள் இருக்க வேண்டும். இழையே இல்லாமல் மடல் (லைக்கனின் இலைபோன்ற பகுதி) உப்பியிருந்தால் அது ஹைப்போஜிம்னியா என்ற வேறு லைக்கன். சந்தேகமானால் காய்ந்த மடலின் மேல்தோலைப் பிளேடால் சுரண்டி, உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைப் பல்குச்சியால் தொட்டு வையுங்கள். கையில் பட்டால் புண்ணாகும், கையுறை அவசியம். மஞ்சளாகிப் பிறகு செம்மை ஏறினால் சல்கேட்டாவுக்குப் பொருந்துகிறது. சுரண்டாமல் வைத்தால் மேல்தோலின் மஞ்சள் மட்டுமே தெரியும். அதை வைத்து முடிவு செய்ய முடியாது.