8,000 மணி நேரமும் ஒரு கையெழுத்தும்

எலக்ட்ரீஷியன் ஆக எந்தக் காலேஜில் சேரணும் என்று டெக்சாஸில் இருக்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் பையன் பன்னிரண்டாவது முடித்திருப்பான். இன்னும் நாலு வருஷம் வகுப்பில் உட்கார அவனுக்கு இஷ்டமில்லை. தூக்கம் போனது அப்பா அம்மாவுக்குத்தான். காலேஜ் கட்டாயமில்லை, லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேரட்டும், முதல் நாளிலிருந்தே மணிக்கணக்கைக் குறித்து வைக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

அமெரிக்கா முழுக்கச் செல்லுபடியாகும் எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பென்சில்வேனியா, இல்லினாய், நியூயார்க் மாதிரி இடங்களில் மாநில லைசென்ஸே இல்லை. அந்தந்த ஊர் நிர்வாகம் வைத்ததுதான் சட்டம். டெக்சாஸும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2003-இல் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் மாநிலம் முழுக்க ஒரே லைசென்ஸ். கொடுப்பது டி.டி.எல்.ஆர். என்ற அரசுத் துறை.

இங்கே முதல் படி அப்ரென்டிஸ், அதாவது வேலை கற்றுக்கொள்பவருக்கான லைசென்ஸ். 16 வயது ஆகியிருந்தால் போதும், தேர்வு கிடையாது, 20 டாலர் கட்டணம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, லைசென்ஸ் உள்ளவர் மேற்பார்வையில் வேலை செய்யலாம். அடுத்தது ஜர்னிமேன், அதாவது வேலை கற்றுத் தேர்ந்த எலக்ட்ரீஷியன். அதற்கு மாஸ்டர் எலக்ட்ரீஷியன் (ஜர்னிமேனுக்கும் மேல்படி) ஒருவரின் கீழ் 8,000 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். வருஷத்துக்கு 2,000 மணி என்று வைத்தால் நாலு வருஷம். 7,000 மணி முடிந்ததுமே தேர்வு எழுத விடுகிறார்கள், ஆனால் லைசென்ஸ் கைக்கு வர 8,000 முடிந்தாக வேண்டும். வீட்டு வயரிங் மட்டும் போதும் என்பவர்களுக்கு 4,000 மணியில் ரெசிடென்ஷியல் வயர்மேன் லைசென்ஸ் உண்டு.

எல்லோரும் தேர்வை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பயப்படச் சொல்வது கையெழுத்தை நினைத்து. அந்த 8,000 மணிக்கும், உங்களை மேற்பார்வை செய்த மாஸ்டர் அனுபவப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். என்னோடு வயர் போகும் பைப்பை வளைத்துக்கொண்டிருந்த ஒரு பையன் அதற்கு முன்பு ஒரு சின்ன கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தவன். கம்பெனி மூடிவிட்டது, மாஸ்டர் வேறு மாநிலம் போய்விட்டார், போன் எடுப்பதில்லை. கடைசியில் பாதிக்குத்தான் கையெழுத்து கிடைத்தது. மிச்ச மணி நேரத்தை அந்தப் பையன் மறுபடி உழைத்தான். மாடியில் ஜூலை மாத வெயிலில் வயர் இழுத்த நேரமெல்லாம் கணக்கில் இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அதனால் ஒவ்வொரு கம்பெனியை விட்டு வரும்போதும், கடைசிச் சம்பளம் வாங்கும் அன்றே படிவத்தில் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று. மணி நேரம் நிறைந்தால் மட்டும் கை பழகாது. வாஷிங்டன் மாநிலத்தில் 8,000 மணியில் 4,000 மணியாவது வணிகக் கட்டடத்திலோ தொழிற்சாலையிலோ செய்திருக்க வேண்டும். மாசசூசெட்ஸில் வேலையோடு 600 மணி நேர வகுப்பும் சேர்ந்தே கட்டாயம். இரண்டும் நியாயமான விதி என்பது என் எண்ணம். டெக்சாஸில் அப்படி யாரும் பிடித்துத் தள்ள மாட்டார்கள், நாமே கேட்க வேண்டும். ஆறு மாதமாக அபார்ட்மென்ட் சுவரில் பாக்ஸ் அடித்துக்கொண்டே இருந்தால் போர்மேனிடம் போய், “பேனல் வேலைக்கு மாத்தி விடுங்க” என்று வாய்விட்டுச் சொல்லணும். அரை அங்குல பைப்பில் 4 அங்குல ஆஃப்செட் (பைப் அந்த அளவு தள்ளிப் போகும்படி இரண்டு இடத்தில் வளைப்பது) வேண்டும், 30 டிகிரி வளைவு என்றால் இரண்டு குறிகளுக்கும் நடுவே 8 அங்குலம் விட வேண்டும். படித்தால் ஒரு நிமிஷம், கை நம்புவதற்கு ஒரு வண்டி பைப் வீணாகும்.

தேர்வு புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுவதுதான். அந்தப் புத்தகம் என்.இ.சி. என்ற மின்வேலை விதித் தொகுப்பு, 1897-இல் முதன்முதலில் வந்தது. இப்போது மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள். தேற 70 சதவீதம். திறந்த புத்தகம்தானே என்று போனால் தேடியே நேரம் ஓடிவிடும். சுவர் பாக்ஸ் எவ்வளவு பெரிதாக இருக்கணும் என்ற கணக்கு ஒன்று சொல்கிறேன். 12 கேஜ் கேபிள் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, நடுவில் ஒரு பிளக் பாயின்ட். கறுப்பும் வெள்ளையுமாக வயர் நாலு. கிரவுண்ட் வயர் இரண்டும் சேர்த்து ஒன்று. பாயின்ட்டுக்கு இரண்டு. உள்ளே கிளாம்ப் இருந்தால் அதற்கு ஒன்று. ஆக எட்டு. ஒவ்வொன்றுக்கும் 2.25 கன அங்குலம், மொத்தம் 18. அதைவிடச் சின்ன பாக்ஸில் திணித்தால் வயர் நசுங்கும், சூடு வெளியேற இடமிருக்காது. இந்தக் கணக்கு வேலையில் தினமும் வரும், அதனால்தான் தேர்விலும் வருகிறது.

ஜர்னிமேன் ஆன பிறகும் வருஷா வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்கணும், அதற்கு 4 மணி நேர வகுப்பு. மாஸ்டர் ஆக மொத்தம் 12,000 மணியும், ஜர்னிமேனாக இரண்டு வருஷமும் வேண்டும். சொந்தமாகத் தொழில் நடத்த அதுவும் போதாது, கான்ட்ராக்டர் லைசென்ஸ் தனி.

பையனை வேலைக்கு அனுப்பும் முன் டி.டி.எல்.ஆர். தளத்தில் அந்தக் கான்ட்ராக்டரின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று அங்கேயே தெரியும், காசு கிடையாது. பிறகு நேரில் போய்க் கேளுங்கள்: எங்கள் பையன் எந்த மாஸ்டர் கீழே வேலை செய்வான், மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போடப் போவது யார்? பதில் சொல்லத் தயங்குகிற இடம் என்றால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள். அப்ரென்டிஸுக்கு ஆள் தேடுகிற கம்பெனிகள் இங்கே நிறையவே இருக்கின்றன.